பெண்கள் பட்டியலில் ஒரு பையன்

அத்தியாயம் 12

சென்ற வாரம் ஜெரூஷாவைப் பள்ளி மைதானத்தில், உதட்டில் விசிலோடு, கொளுத்தும் வெயிலில் நிற்கவைத்துவிட்டு வந்துவிட்டோம். ஒரு வாரம் அப்படி நின்றால் யாருக்கும் கால் கடுக்கும். உண்மையில் அவள் நின்றது அரை நிமிடம்தான்.

இந்த வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக நாலு வரி. இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து மூன்று தெரு உள்ளே, கீழ் வீட்டில் அண்ணன் ஜெர்சன், அண்ணி ஆஷா, அவர்களுடைய இரட்டைப் பிள்ளைகள் எபியும் ஜெனியும். ஏழு வயது. எபி பையன், ஜெனி பெண். மாடிப் போர்ஷனில் தங்கை ஜெரூஷா. முப்பத்துநாலு வயதாகியும் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்கிறவர்களுக்கு அவள் கைவசம் வைத்திருக்கும் பதில்களை ஏற்கெனவே பார்த்தாயிற்று. பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலேயே சின்ன வகுப்புகளுக்கு அவள்தான் பி.டி. டீச்சர்.

அன்று திங்கட்கிழமை. இரண்டாம் வகுப்புக்கு வருடாந்திர உடல்திறன் சோதனை. முப்பது மீட்டர் ஓட்டம், நின்ற இடத்திலிருந்து தாண்டுதல், பந்து எறிதல், ஒற்றைக் காலில் நிற்றல். போன வருடம் வரை ஓட்டத்தை நின்றபடிதான் தொடங்குவார்கள். இந்த வருடம் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் விளையாட்டாக இருக்கட்டும் என்று ஜெரூஷா ஒரு மாற்றம் செய்தாள். பாயில் குப்புறப் படுத்துக்கொள்ள வேண்டும். விசில் கேட்டதும் எழுந்து ஓட வேண்டும்.

எட்டுப் பேர் படுத்தார்கள். விசில் கேட்டதும் ஏழு பேர் துள்ளி எழுந்து பறந்துவிட்டார்கள். ஜெனி எல்லோருக்கும் முன்னால் போனாள்.

எபி ஒருக்களித்துப் புரண்டான். முழங்கால் போட்டான். இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி இடுப்பை உயர்த்தினான். பிறகு ஒரு கையை முழங்காலில் வைத்தான், அடுத்த கையைத் தொடையில் வைத்தான், முதல் கையை எடுத்து இன்னும் சற்று மேலே வைத்தான். இப்படித் தன் காலைப் பிடித்துத் தன் மேலேயே ஏறி நிமிர்ந்தான். நிமிர்ந்ததும் அத்தையைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு ஓடத் தொடங்கினான். அதற்குள் மற்றவர்கள் திரும்பி நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

இந்த எழுந்திருத்தலை ஜெரூஷா முன்பு ஒரு முறை பார்த்திருக்கிறாள். பன்னிரண்டு வருடம் முன்பு, அவள் பயிற்சிக் கல்லூரியில் படித்தபோது, ஒரு குழந்தை மருத்துவர் வந்து வகுப்பெடுத்தார். திரையில் ஒரு சின்னப் பையன் இதேபோல் எழுந்தான். நோயின் பெயர் அவளுக்கு மறந்துவிட்டது. தசை வருடத்துக்கு வருடம் கரைந்துகொண்டே போகும் என்று அவர் சொன்னது மறக்கவில்லை. அநேகமாகப் பையன்களுக்குத்தான் வரும், பெரும்பாலும் தாய்வழியில் வரும், இப்படி எழுந்திருக்கிற பையனைப் பார்த்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் அனுப்புங்கள் என்று அவர் சொன்னதும் மறக்கவில்லை.

ஒருவேளை கால் மரத்துப் போயிருக்கும். ஒருவேளை காலையில் சரியாகச் சாப்பிடவில்லை. மனசு சமாதானத்துக்கு அலைந்தது. மற்ற பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்க அனுப்பிவிட்டு, எபியை மட்டும் மறுபடி படுக்கச் சொன்னாள். விளையாட்டு மாதிரிதான் சொன்னாள். இரண்டாவது முறையும் அப்படியே எழுந்தான். மூன்றாவது முறை பாதியில் உட்கார்ந்துவிட்டு, கால் வலிக்கிறது என்றான்.

தண்ணீர் டிரம் பக்கத்திலிருந்து ஆயா கங்கையம்மாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா டீச்சர், புச்சாப் பாக்குற மாதிரி பாக்குறீங்க? ஆறு மாசமா புள்ள இப்டித்தான் எய்ந்துக்குது. பாத்ரூம்ல நான்தான் தூக்கி வுடுறேன்."

"ஏன் ஆயா எங்கிட்ட சொல்லல?"

"பொம்பளப் புள்ளைன்னா சொல்லியிருப்பேன். ஆம்பளப் புள்ள, கொஞ்சம் சோம்பேறியா கீதுன்னு வுட்டுட்டேன்."

ஜெரூஷாவால் அவளைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. அதற்கான யோக்கியதை தனக்கு இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஸ்போர்ட்ஸ் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அலமாரியின் அடித்தட்டிலிருந்து போன வருடத்து நோட்டை எடுத்தாள்.

இங்கே ஜெரூஷாவின் குட்டு ஒன்றை உடைத்தாக வேண்டும். இத்தனை வாரமாக அவளை நல்லவளாகவே காட்டிவந்த பாவம் நமக்கும் உண்டு.

சோதனை முடிந்ததும் மதிப்பெண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். பையன்களுக்கு ஓர் அட்டவணை, பெண்களுக்கு ஓர் அட்டவணை. இந்த வயதில் ஓட்டம், தாண்டுதல், எறிதல் இவற்றில் பையன்கள் கொஞ்சம் முந்துவார்கள், உடம்பை வளைப்பதிலும் ஒற்றைக் காலில் நிற்பதிலும் பெண்கள் முந்துவார்கள் என்று ஒரு கணக்கு. வித்தியாசம் என்னவோ எள்ளளவுதான். ஆனாலும் ஓடவும் தாண்டவும் பையன்களுக்குக் கோடு கொஞ்சம் தள்ளிப் போடப்பட்டிருக்கும். போன வருடம் எபி அந்தக் கோட்டைத் தொடவில்லை. கார்டில் 'சி' விழுந்தது.

ஜெர்சன் ஒரு காலத்தில் நானூறு மீட்டர் ஓடியவன். டிவிஷன் அளவில் வாங்கிய கோப்பை இன்னும் டி.வி.க்குப் பக்கத்தில் நிற்கிறது. மகன் 'சி' வாங்கினான் என்று தெரிந்தால் வீடு என்னாகும் என்று ஜெரூஷாவுக்குத் தெரியும். பையனைப் பார்த்தால் பாவமாக இருந்தது. ஆணா பெண்ணா என்று கேட்கும் கட்டத்தில் 'பெண்' என்று மாற்றினாள். பெண்களுக்கான கோட்டை எபி மயிரிழையில் தாண்டிவிட்டான். 'சி' போய் 'பி' வந்தது. கார்டை அச்செடுத்துக்கொண்டு, கட்டத்தைப் பழையபடி 'ஆண்' என்று திருத்திவிட்டாள். மறந்துவிடாமல் இருக்க, நோட்டில் பெண்கள் பட்டியலின் கடைசியில் பென்சிலால் அவன் பெயரையும் எழுதிவைத்தாள்.

ஒரு குழந்தை திட்டு வாங்காமல் தப்பித்தது என்றுதான் அன்றைக்கு நினைத்தாள். அண்ணி ஆஷா வந்து, இவன் ஏன் அடிக்கடி விழுகிறான் என்று கேட்டபோதும், ரெட்டைப் பிள்ளைகளில் பெண்தான் முதலில் முந்தும், பையன் மெதுவாகப் பிடித்துக்கொள்வான் என்று டீச்சர் தோரணையில் ஆறுதல் சொல்லி அனுப்பினாள்.

இப்போது அந்தப் பென்சில் எழுத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்றைய கணக்கைப் பார்த்தாள். போன வருடம் முப்பது மீட்டரை எட்டு விநாடியில் ஓடியவன். இன்று, எழுந்து நிமிர்ந்த பிறகு எண்ணியதே ஒன்பதரை. தாண்டுதலில் ஒரு சாணுக்கு மேல் குறைந்திருந்தது. ஒரு வயது ஏறினால் எந்தக் குழந்தைக்கும் வேகம் கூடும். குறையாது. ஜெனிக்குக் கூடியிருந்தது. வகுப்பில் எபியைத் தவிர மற்ற முப்பத்தாறு பிள்ளைகளுக்கும் கூடியிருந்தது.

அவளோடு படித்த ரேஷ்மா இப்போது ஊரப்பாக்கத்தில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறாள். அவளுக்குப் போன் போட்டாள். ரேஷ்மா சுற்றி வளைக்காமல் கேள்விகளாகக் கேட்டாள். நுனிக்காலில் நடக்கிறானா? கெண்டைக்கால் வயசுக்கு மீறிப் பருத்திருக்கிறதா? படி ஏற எதையாவது பிடிக்கிறானா? டாக்டர் பார்க்காமல் எதையும் முடிவு கட்ட முடியாது, நாளைக் காலையிலேயே குழந்தைகள் நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ, ரத்தத்தில் ஒரு டெஸ்ட் எடுப்பார்கள், பழைய அளவுகள் இருந்தால் எடுத்துப் போ என்றாள். கடைசியாக ஒன்று சொன்னாள். அதுவரை அவனை ஓடவிடாதே, படி ஏறி இறங்க விடவே விடாதே. இந்தச் சந்தேகம் இருக்கும்போது உடம்பை வருத்தினால் இருக்கிற தசையும் கெட்டுப்போகும்.

ஜெரூஷாவுக்கு அதற்கு மேல் காது கேட்கவில்லை.

ஏனென்றால் மூன்று மாதமாக ஜெர்சன் தினமும் காலை ஐந்தரைக்கு மகனை எழுப்பி ரயில்வே ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போகிறான். கூட்டம் சேர்வதற்கு முன்னால் நடைமேம்பாலப் படிக்கட்டில் பத்து முறை ஏறி இறங்க வேண்டும். எபி அழுதாலும் விடுவதில்லை. 'பி' வாங்கத் தெரிந்தவனுக்கு 'ஏ' வாங்க வலிக்கிறதா என்பது ஜெர்சனுடைய வாதம். அந்த 'பி'யைப் போட்டவள் யார் என்று நமக்குத் தெரியும்.

மாலையில் பிள்ளைகளை ஷேர் ஆட்டோவில் கூட்டி வரும்போது அவள் கண் எபியின் காலை விட்டு நகரவில்லை. சாக்ஸுக்கு மேலே கெண்டைக்கால் கிண்ணென்று உருண்டு திரண்டிருந்தது. இதைப் பார்த்துத்தான் வீட்டில் எல்லோரும், அப்பன் கால் அப்படியே வந்திருக்கிறது என்று பெருமைப்பட்டார்கள். தெருமுனையில் இறங்கி நடந்தபோது அவன் குதிகால் தரையில் படவே இல்லை.

வாசலில் மூன்று படிகள். எபி நின்றான். ஜெரூஷா தூக்கிக்கொள்ளப் போவதற்குள் ஜெனி கேட்காமலேயே வந்து தோளைக் கொடுத்தாள். அவன் பிடித்துக்கொண்டு ஏறினான். இருவருக்கும் பழகிப்போன காரியம் என்று பார்த்தாலே தெரிந்தது. எவ்வளவு நாளாக இப்படி என்று ஜெரூஷா கேட்டாள்.

"ரொம்ப நாளா அத்தை. அப்பாகிட்ட சொல்லக்கூடாதுன்னு ப்ராமிஸ் வாங்கியிருக்கான். பொண்ணு தோளைப் பிடிச்சா அப்பாவுக்குப் பிடிக்காது" என்றாள் ஜெனி.

ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது, ஆயாவுக்குத் தெரிந்தது. சம்பளம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளின் கை காலைப் பார்ப்பதே வேலையாக வைத்திருந்தவளுக்குத் தெரியவில்லை. ஜெரூஷா மாடிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஆறரை மணிக்கு ஜெர்சன் வந்தான். விமான நிலையத்துப் பக்கம் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை. மின்சார ரயில் கூட்டத்தில் கசங்கி வந்தாலும் அன்று உற்சாகமாக இருந்தான். சனிக்கிழமையிலிருந்து ஃபுட்பால் கோச்சிங்கில் எபிக்கு இடம் கிடைத்துவிட்டதாம். அதனால் நாளையிலிருந்து படிக்கட்டு பதினைந்து முறை என்று அறிவித்தான். எபி தரையில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. பென்சில் மட்டும் நின்றது.

அண்ணனைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள் ஜெரூஷா. ஆஷா அங்கேதான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். நாளைக்குப் படிக்கட்டு வேண்டாம், எபியை டாக்டரிடம் காட்ட வேண்டும், அவன் கால் பலம் குறைந்துகொண்டே வருகிறது என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தாள். ஆஷாவின் கையில் இருந்த தோசைத் திருப்பி அப்படியே நின்றது. ஜெர்சன் சிரித்தான். ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்த போன வருடத்துக் கார்டை எடுத்து அவளிடமே நீட்டினான்.

"நீ போட்ட கிரேடுதானே ஜெரூ இது? பலம் இல்லாதவனுக்கா பி குடுத்த? செல்லம் குடுத்துக் குடுத்து நீங்க ரெண்டு பேரும் அவனைப் பொண்ணு மாதிரி ஆக்கி வச்சிருக்கீங்க."

பொய் சொல்ல இன்னும் வழி இருந்தது. கார்டு சரிதான், இந்த வருடம்தான் குறைந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் அப்படிச் சொன்னால் இவன் நம்ப மாட்டான். ஐந்தரைக்கு அலாரம் அடிக்கும்.

"அந்த பி பொய் அண்ணா. அவன் வாங்கினது சி. நீ திட்டுவேன்னு பயந்து பொண்ணுங்க லிஸ்ட்ல போட்டு பி வர வச்சேன்."

ஜெர்சன் கார்டைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான்.

"என் பையனைப் பொண்ணுங்க லிஸ்ட்லயா?"

அத்தனையிலும் அவனுக்கு முதலில் உறுத்தியது அதுதான். ஜெரூஷாவுக்குப் பயம் போய் ஆத்திரம் வந்தது. அதுவா இப்போ விஷயம் என்று கேட்டாள். பொண்ணுங்க லிஸ்ட்லயே அவன் தட்டுத் தடுமாறித்தான் பாஸ் ஆனான், இன்றைக்கு அதிலும் கடைசி என்றாள். நோட்டைப் பிரித்துக் காட்டினாள். ரேஷ்மா சொன்னதைச் சொன்னாள். ஜெர்சன் நோட்டை வாங்கவில்லை. ஒரு பி.டி. டீச்சர் பொய்க் கார்டு கொடுத்தால் வேலை போகும் தெரியுமா என்று மட்டும் கேட்டான். தெரியும், நாளைக்கே ஹெச்.எம்.மிடம் சொல்லப்போகிறேன் என்றாள்.

தோசை தீய்ந்த வாசனை வந்தது. ஆஷா அடுப்பை அணைத்தாள். இரண்டு பேர் முகத்தையும் பார்க்காமல், ஜெபத்துக்கு நேரமாயிற்று என்று சொல்லிவிட்டு ஹாலுக்குப் போனாள்.

அந்த வீட்டில் இடி விழுந்தாலும் ஏழரை மணிக்குக் குடும்ப ஜெபம் நடந்தாக வேண்டும். பாயில் உட்கார்ந்து ஒரு பாட்டு, பைபிளில் ஓர் அதிகாரம் வாசிப்பு. பிறகு எல்லோரும் எழுந்து நின்று கண்ணை மூடிக்கொண்டு பரமண்டல ஜெபம். ஜெர்சனின் அப்பா காலத்திலிருந்து வந்த பழக்கம். கண்ணை மூடுவது எழுந்திருப்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடும். பிள்ளைகளும் அப்படியே பழகியிருந்தார்கள்.

பாட்டு பாடினார்கள். ஜெனி பைபிளிலிருந்து ஒரு சங்கீதத்தை வாசித்தாள். ஜெரூஷாவின் காதில் ஒரு வார்த்தை ஏறவில்லை. அவளுக்கு வேறு ஒன்று உறைத்துக்கொண்டிருந்தது. ஆறு மாதமாக, தினம் தினம், இந்தப் பாயிலிருந்து இந்தப் பையன் எழுந்திருக்கும் நேரத்தில் இந்த வீட்டில் இருக்கிற பெரியவர்கள் மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

வாசிப்பு முடிந்தது. எழுந்திருக்க வேண்டிய நேரம்.

"அண்ணா, இன்னைக்கு ஒருநாள் மட்டும் கண்ணைத் திறந்து வச்சிக்கிட்டு எந்திரி" என்றாள் ஜெரூஷா.

ஜெர்சன் அவளை முறைத்தான். பிள்ளைகள் எதிரில் ஜெப நேரத்தில் சண்டை வேண்டாம் என்று நினைத்தானோ என்னவோ, எழுந்து நின்றான். கண்ணை மூடவில்லை. பரமண்டலத்திலிருக்கிற எங்கள் பிதாவே என்று ஜெனியின் குரல் தொடங்கியது. எபி கண்ணை இறுக மூடிக்கொண்டு புரண்டான். முழங்கால் போட்டான். கையை ஊன்றினான். அவன் உதடு ஜெபத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தது. முழங்காலில் ஒரு கை, தொடையில் ஒரு கை, மறுபடி முழங்காலிலிருந்து கொஞ்சம் மேலே. பாதியில் ஒரு முறை சரிந்தான். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

ஜெர்சன் ஜெபத்தைச் சொல்லவில்லை. அவன் வாய் திறந்தபடி இருந்தது. நானூறு மீட்டர் ஓடியவனுக்கு ஓர் உடம்பு எப்படி எழும் என்று தெரியாதா என்ன. இரண்டாவது முறை சரிந்தபோது குனிந்து மகனின் கையைப் பிடித்தான். எபி திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தான். அப்பாவின் கை திட்டுவதற்குத்தான் வரும் என்று அவனுக்குத் தெரியும்.

"நானே எந்திரிச்சிடுவேன்ப்பா. கொஞ்சம் டைம் குடுங்க. நாளைக்குப் பதினஞ்சு தடவையும் ஏறிடுவேன்."

ஜெர்சன் தரையில் உட்கார்ந்துவிட்டான். மகனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, நாளைக்குப் படிக்கட்டு இல்லை, நாளைக்கு இல்லவே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னான். எபிக்கு நம்பிக்கை வரவில்லை. நாளை மறுநாளா என்று கேட்டான். ஜெர்சன் அழுததை ஜெரூஷா அப்பா இறந்த அன்றுதான் பார்த்திருக்கிறாள். இப்போது இரண்டாவது முறை பார்த்தாள். நாளைக் காலை எட்டு மணிக்கே கிளம்பலாம், நோட்டை எடுத்துக்கொள் என்று அவளைப் பார்க்காமலேயே சொன்னான். மன்னித்தானா என்று தெரியவில்லை. பையன் பிழைத்தால் போதும், தன்னை மன்னிக்காவிட்டாலும் போகட்டும் என்றுதான் அவளுக்கு அந்த நேரத்தில் இருந்தது.

இவ்வளவு நடந்தும் ஆஷா அசையவில்லை. சுவரோடு சாய்ந்து நின்றிருந்தாள். கண் மூடியே இருந்தது. ஜெபம் முடிந்து எவ்வளவோ நேரம் ஆகியிருந்தது.

"அண்ணி, பாருங்க" என்று ஜெரூஷா அவள் தோளைத் தொட்டாள்.

"நான் பார்க்க வேணாம் ஜெரூ. எங்க தாவீதும் இப்படித்தான் எந்திரிப்பான்."

தாவீது ஆஷாவின் தம்பி. பதினாறு வயதில் மூளைக் காய்ச்சலில் போய்விட்டதாக, பெண் பார்க்கப் போன அன்று அனகாபுத்தூர் வீட்டில் சொன்னார்கள். மாலை போட்ட படத்தின் முன்னால் நின்று ஜெர்சனும் ஜெரூஷாவும் வருத்தப்பட்டுவிட்டு வந்தார்கள். பத்து வருடமாக அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்டதில்லை.

ஜெர்சன் மெல்லத் தலையை நிமிர்த்தினான்.

"உங்க வீட்ல காய்ச்சல்னுதானே சொன்னாங்க?"

ஆஷா கண்ணைத் திறந்தாள். எபியைப் பார்க்கவில்லை. பாயில் உட்கார்ந்து பைபிளை உறையில் போட்டுக்கொண்டிருந்த ஜெனியைத்தான் பார்த்தாள்.

"பத்து வயசுல நடக்கிறது நின்னுபோச்சு. அப்புறம் ஆறு வருஷம் நான்தான் தூக்கிட்டுப் போவேன். அதைச் சொல்லியிருந்தா என்னை யாருங்க கட்டியிருப்பாங்க?"

ஜெர்சன் மகனைப் பிடித்த பிடியை விடவில்லை. மனைவியைப் பார்த்துத் திரும்பவும் இல்லை.